மனைக்கு நூற்றைம்பது ரூபாய்: பாளையங்கோட்டைப் பக்கத்து நகர் ஒன்றின் காவல் கணக்கு

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் வயலும் பொட்டலுமாகக் கிடந்த இடமெல்லாம் இன்றைக்கு ஏதாவது ஒரு ‘நகர்’ ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நகரின் குடியிருப்போர் நலச்சங்கக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நகரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது திருநெல்வேலி மாநகராட்சியின் நான்கு மண்டலங்களிலும் ஏதாவது ஒரு தெருவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சுமார் முந்நூறு மனை. அதில் மூன்றில் ஒரு பங்கு காலி. காலி மனைக்காரர்கள் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். மனைகளில் உடைமரம் என்கிற முள்மரம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டும், மற்ற மாதங்களில் குப்பை கட்டும். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடம் ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பூங்காதான் வரவில்லை.

காவல் என்று இருந்தது ஒரு கூர்க்கா மட்டும். ராத்திரி தடியால் மின்கம்பத்தைத் தட்டிவிட்டு விசில் ஊதிப் போவார். மாதப் பிறப்பில் வாசலில் வந்து நிற்பார், முப்பதோ ஐம்பதோ கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். ஒரு மார்கழி விடியற்காலையில் கோவிலுக்குப் போன பெண்ணின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து வந்த பொங்கல் விடுமுறையில் பூட்டிய வீடுகள் இரண்டில் பின்கதவு உடைந்தது. சங்கம் அவசரமாகக் கூடியது. காவல் நிலையத்திலிருந்து வந்த ஆய்வாளர் எல்லா ஊரிலும் சொல்வதையே இங்கேயும் சொன்னார்: கேமரா போடுங்கள், வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், காலி மனைகளைச் சுத்தம் செய்யுங்கள். மூன்றாவதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேமரா வந்த கதை

கேமராவுக்குப் பணம் திரட்டுவது சுலபமாக முடிந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நகரின் முகப்பில் கல்வெட்டு வைக்கிறோம் என்றதும், கேட்டதற்கு மேலேயே வந்தது. எட்டு இடங்களில் கம்பம் நட்டு, பதிவுக் கருவியைச் செயலாளர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். திறப்பு விழாவில் எல்லோருக்கும் அல்வா.

பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது. அணில் ஒயரைக் கடித்தது. மழைக்காலத்தில் இரண்டு கேமராக்களின் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, படம் பால் ஊற்றியது மாதிரி ஆனது. செயலாளர் வீட்டில் மின்வெட்டு என்றால் நகர் முழுவதற்கும் கேமரா இல்லை. ஹார்ட் டிஸ்க் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய பதிவை அழித்துக்கொள்ளும் என்பது, இருபது நாள் கழித்து ஒரு பதிவு தேவைப்பட்டபோதுதான் தெரிந்தது. ஒரு பைக் திருட்டில் பதிவு கிடைக்கத்தான் செய்தது. ஆனால் கேமராவுக்கு நேர் எதிரே புதிதாக மாட்டிய எல்இடி தெருவிளக்கு. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருந்தது.

இந்தச் செலவுகளுக்காகத்தான் சந்தா ஆரம்பித்தது: வீட்டுக்கு மாதம் நூற்றைம்பது. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. ஆண்டு முடிவில் பாதி வீடுகள் நின்றுவிட்டன. வாடகைக்காரர் “ஓனர்ட்ட கேளுங்க” என்பார், ஓனர் “குடியிருக்கிறவர்தானே கொடுக்கணும்” என்பார். வசூலுக்குப் போன பொருளாளருக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர், மணி அடித்தும் கதவு திறக்காத வீடுகள் ஒரு தெருவுக்கு நாலைந்தாவது இருந்தன. பணம் கொடுக்காதவர் வீட்டு முன்னாலும் காவலாளி நடக்கத்தானே செய்வார்? ஒருத்தர் வீட்டை மட்டும் விட்டுவிட்டுக் காவல் பார்க்க முடியாது. இந்த மாதிரிச் சேவைக்கு வாசலில் நின்று வசூல் செய்தால் எங்கேயும் இதுதான் கதி.

வீட்டிலிருந்து மனைக்கு

சங்கம் எடுத்த நல்ல முடிவு என்று நான் நினைப்பது இதற்கு அடுத்தது. பொதுக்குழுவில் சந்தாவை வீட்டிலிருந்து எடுத்து மனை மேல் வைத்தார்கள். வீடு இருந்தாலும் காலியாக இருந்தாலும் மனைக்கு நூற்றைம்பது, ஆண்டுக்கு ஒரே தவணையாக 1,800. பொறுப்பு உரிமையாளருடையது. முந்நூறு மனையும் கொடுத்தால் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் வரும், பாதி கொடுத்தாலே ஒரு இரவுக் காவலாளிக்கும் கேமரா பராமரிப்புக்கும் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

காலி மனைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல்பதிவைப் பொருளாளர் எனக்குப் போட்டுக் காட்டினார்: “அண்ணாச்சி, நான் இங்க துபாய்ல கெடந்து சாவுதேன். என் மனையில என்ன இருக்கு, உடமரந்தான? அத எவன் களவாங்கப் போறான்?”

கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் கண்டுபிடித்தது சங்கத்தின் இளைஞர் ஒருவர், நில அளவைக்கு உதவியாளராகப் போகிறவர். வெளியூரில் இருக்கும் மனைக்காரருக்குத் திருடன் பயம் கிடையாது, எல்லைக்கல் பயம் உண்டு. பக்கத்து மனைக்காரன் கல்லைப் பிடுங்கி இரண்டடி தள்ளிப் போட்டால் யார் பார்ப்பது? யாராவது போலிப் பத்திரம் போட்டால்? ஆகவே சங்கம் இப்படி அறிவித்தது: ஆண்டுச் சந்தா கட்டிய காலி மனையில் உடைமரத்தை வேரோடு எடுத்து, நான்கு மூலைக் கல்லுக்கும் வெள்ளை அடித்து, தை மாதமும் ஆடி மாதமும் நான்கு கல்லையும் தேதியோடு போட்டோ எடுத்து அனுப்புவோம்.

பணம் வர ஆரம்பித்தது. துபாய்க்காரர் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து அனுப்பினார். இன்றைக்கு அந்தச் சங்கத்தில் வீட்டுக்காரர்களைவிடக் காலி மனைக்காரர்கள்தான் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பதைப் பேரேட்டில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

உடைமரம் போனதும் நகரின் தோற்றமே மாறியது. ஒரு தெருவில் நின்றால் அடுத்த தெரு தெரிகிறது. பைக்கை ஒளித்து வைக்க இடமில்லை. ராத்திரி சீசா உடைக்கிற கூட்டம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. களவு குறைந்ததா என்று கேட்டால், ஒரு நகரில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்களை வைத்து நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றைச் சுத்தம் செய்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை: குப்பையை அள்ளி, மண்ணைச் சமன் செய்து, புல்லும் சில மரமும் வைத்து, தாழ்வான மரவேலி. 2018-இல் வெளிவந்த முடிவின்படி, ஏழைக் குடியிருப்புகளில் சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துச் செய்த இதே மாதிரிச் சோதனையில், வீட்டுக்கு வெளியே இரவில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நம் ஊரில் துப்பாக்கி இல்லை, அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. இருந்தாலும், காவலும் அழகும் இரண்டு தனித்தனித் தலைப்பு என்று சங்கங்கள் பட்ஜெட் போடுவது சரியில்லை என்பதற்கு இது போதும். இந்த நகரில் உடைமரம் வெட்டிய செலவு ‘நந்தவனம், இதர’ என்ற கணக்கில் கிடக்கிறது. காவல் கணக்கில் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

காவலுக்குக் கூலி, கூலிக்குக் காவல்

நிலத்தின் பேரில் காவலுக்குப் பணம் வாங்குவது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதில்லை. பாளையக்காரர் காலத்தில் இரண்டு விதக் காவல் இருந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டது ஸ்தலகாவல். ஒரு வட்டாரம் முழுவதற்கும், வழிப்பாதைகளுக்கும் சேர்த்துப் பாளையக்காரர் பார்த்தது தேசகாவல். விளைச்சலில் ஒரு பங்காகவோ பணமாகவோ கூலி போகும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை முக்கியமாகச் சொல்லியாக வேண்டும்.

கெட்டுப்போனதும் அந்த முறைதான். காவல் கேட்காத ஊரிலும் காவல் வரி கேட்டார்கள். கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போனது. காணாமல் போன மாட்டைத் திரும்ப ஓட்டிவரத் துப்புக்கூலி என்று தனியாக ஒன்று. காப்பவரும் வசூலிப்பவரும், எவ்வளவு என்று முடிவு செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் இங்கேதான் வந்து நிற்கும். 1799-1801 போர்களுக்குப் பிறகு பாளையக்காரர்களின் காவல் உரிமையைக் கும்பெனி எடுத்துக்கொண்டது, 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. அப்படியும் ஊர்க்காவல் இருபதாம் நூற்றாண்டு வரை இந்தச் சீமையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

தீர்வை ரசீதில் ஏற்றலாமா?

சங்கத்துக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உறுப்பினர் ஆகாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாயமாகக் கேட்க முடியாது. அடுக்குமாடிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பராமரிப்புப் பாக்கியைக் கேட்க அங்கே வழி உண்டு. தனித்தனி மனைகள் உள்ள நகருக்கு அது பொருந்தாது. கட்டாதவர்கள் பெயரைப் பலகையில் எழுதிப் பார்த்தார்கள். ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு பலகை உள்ளே போய்விட்டது. புதிதாக வீடு கட்டுகிறவருக்குக் குடிநீர் இணைப்பு கொடுக்கும்போது சங்கத்தின் கடிதம் வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்கலாமே என்றார் ஒருவர். நல்ல வேளை, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது சங்கத்தில் சூடாக ஓடும் யோசனை, இந்த நூற்றைம்பதை வீட்டுத் தீர்வையோடு, அதாவது சொத்து வரியோடு சேர்த்து மாநகராட்சியே வசூலித்துச் சங்கத்துக்குத் தர முடியுமா என்பது. தீர்வைதான் அரையாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகக் கட்டப்படுகிறது, முதல் முப்பது நாளில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை வேறு. ரசீதை எடுத்துப் பார்த்தால் ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் அதில் இருக்கிறது: நூலக வரி. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதில் பாக்கி விழுவது பழைய புகார். இன்னொருவர் பெட்டியில் பணம் விழுந்தால் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் இதுவே முன்னுதாரணம்.

சட்டப்படி பார்த்தால், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. கட்டணம் என்று பெயர் மாற்றினால் தப்பிக்கலாமா? சென்னை மாகாண அரசு மடங்களிடமும் கோவில்களிடமும் வாங்கிய பங்குத்தொகை தொடர்பான சிரூர் மடம் வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு கிழித்தது. குறிப்பிட்ட சேவைக்காக, அந்தச் சேவை பெறுபவரிடம் வாங்கி, அதற்கென்று தனியாக வைத்துச் செலவு செய்தால் கட்டணம். பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால் அது வரி. பின்னால் வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் தனிக்கணக்கு என்ற அந்த ஒரு சொல்லைச் சங்கக்காரர்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இதைச் சட்டமாகவே போட்டு நடத்துகிற இடம் அமெரிக்காவின் லூசியானா மாநிலம். நியூ ஓர்லியன்ஸ், பேட்டன் ரூஜ் நகரங்களில் ஒரு குடியிருப்பு, ‘குற்றத்தடுப்பு, மேம்பாட்டு வட்டம்’ ஆக வேண்டும் என்றால், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று எல்லை எழுதி, மாநிலச் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் வர வேண்டும். அப்புறம் அந்த எல்லைக்குள் இருக்கும் வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு. பெரும்பான்மை சரி என்றால், மனைக்கு இவ்வளவு என்று ஒரே சீரான கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து வருகிறது. வசூலிப்பவர் ஒரு சிறு பங்கைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியை வட்டத்தின் குழுவிடம் தர வேண்டும். குழுவினருக்குச் சம்பளம் கிடையாது, தணிக்கை உண்டு. பணம் பெரும்பாலும் ரோந்துக்குப் போகிறது: பணி நேரம் முடிந்த போலீஸ்காரர்கள், அல்லது தனியார் காவல். மிச்சம் இருந்தால் விளக்கும் செடியும். சில ஆண்டு கழித்துக் கட்டணம் காலாவதி ஆகும், தொடர வேண்டுமானால் மறுபடியும் வாக்கெடுப்பு.

அந்தச் சட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகத்தைத்தான் நான் முக்கியமாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வட்டம் தரும் காவலும் சேவையும், நகரமும் போலீஸும் தர வேண்டியவற்றுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும், அவற்றுக்குப் பதிலாக இருக்கக்கூடாது என்பது அது. இங்கே நிலைமை என்ன? தெருவிளக்கு எரியாவிட்டால் வார்டு அலுவலகத்துக்குப் போன் செய்வதை விட்டுவிட்டு, சங்கமே எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடுகிறது. சீக்கிரம் வேலை முடிகிறது, உண்மைதான். ஆனால் 2022-இல் சொத்து வரியை வீட்டின் அளவுக்கு ஏற்ப 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றியபோது அதே வீடுகள்தானே கட்டின? விளக்குக்கு வரியிலேயே பங்கு இருக்கிறது. சங்கத்தின் பேரேட்டில் ‘தெருவிளக்கு’ என்று ஒரு தலைப்பு இருப்பதே தப்பு என்று நான் குறிப்பு எழுதினேன். ஒரே விளக்குக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறார்கள்.

லூசியானா முறையையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பங்களாவுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே தொகை என்பது அங்கேயும் விமர்சிக்கப்படுவது. வசதியான பகுதி அதிகக் காவலை விலைக்கு வாங்குகிறது, பக்கத்துப் பகுதி பார்த்துக்கொண்டிருக்கிறது. வாக்குரிமை குடியிருப்பவருக்கு, பணம் கட்டுவது உரிமையாளர். நம் துபாய் அண்ணாச்சி அங்கே இருந்தால் ஓட்டும் போட முடியாது, கட்டாமலும் இருக்க முடியாது.

கேட்

பக்கத்து மக்கள் விஷயத்தில் இந்த நகரும் சறுக்கப் பார்த்தது. நகருக்குப் பின்பக்கம் பழைய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. நகர் வருவதற்கு வெகு காலம் முன்பே வயல்வேலை பார்த்தவர்கள். அவர்கள் ரேஷன் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகிற வழி, இப்போது நகரின் நடுத்தெரு. சந்தா நிரம்பியதும் ஒரு கூட்டத்தில், நகரின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டு ராத்திரி பத்து மணிக்குப் பூட்டலாம் என்று தீர்மானம் வந்தது. கொட்டேஷன்கூட வாங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் பின்பக்கத்திலிருந்து நான்கு பெண்கள் பொருளாளர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் மூத்தவர் அந்த நகரில் பல வீடுகளில் வேலை செய்கிறவர். “சார், கேட்டு போட்டா ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா நாங்க எந்த வழியா போகணும்னு சொல்லுதிய?” என்று கேட்டிருக்கிறார். பொருளாளர் எனக்குப் போன் செய்தார். நான் மனைப்பிரிவு ஆவணத்தை எடுக்கச் சொன்னேன். பூங்காவைப் போலவே சாலைகளையும் தானப்பத்திரத்தில் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அது பொதுச் சாலை. சங்கம் கேட் போட்டால் ஆக்கிரமிப்பு. தீர்மானம் ரத்தானது, ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் ரத்தானது என்பதையும் சொல்லவேண்டும். கூட்டத்தில் பாதிப்பேர் கடைசிவரை கேட் பக்கம்தான்.

எட்டுக் கேமராவில் மூன்று அந்தப் பின்வழியையே பார்த்துக்கொண்டிருந்தன. சங்கிலி பறித்த பைக் வந்ததும் போனதும் முன்பக்க நெடுஞ்சாலை வழியாக. இதைக் காட்டிக் கேட்டபோது, யாராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இரண்டை முன்பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போதைய நிலை

பூங்கா இடத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மனு போட்டிருக்கிறார்கள். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. பங்குத்தொகையைக் காலி மனைச் சந்தாவிலிருந்தே கட்டலாம் என்பது யோசனை. மரம் நட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. ‘தெருவிளக்கு’ என்ற தலைப்பை மூடி, எரியாத விளக்குகளின் கம்ப எண்களை வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். சந்தாவுக்கு மூன்று ஆண்டுக் காலாவதி வைத்து, முடிவில் வாடகைக்காரர்களையும் சேர்த்துக் கை தூக்கச் சொல்வது என்று பொதுக்குழு ஏற்றுக்கொண்டது. தீர்வையோடு சேர்த்து வசூலிக்கக் கேட்கும் யோசனை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டிய இடம் மாநகராட்சி அலுவலகம் இல்லை, சட்டமன்றம்.

பின்பக்கக் குடியிருப்பை எல்லைக்குள் சேர்ப்பதா என்பது அடுத்த கூட்டத்துக்கு இருக்கிறது. அவர்களிடம் சந்தா வாங்காமல், ஆனால் விளக்குப் பட்டியலிலும் காவலாளியின் சுற்றிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவலாளி ஒரு சுற்றுக்குக் கூடுதலாக நடக்க வேண்டிய தூரம் இரண்டு தெரு. பொருளாளர் ஆதரிக்கிறார், செயலாளர் யோசிக்கிறார். துபாய் அண்ணாச்சி, “அதெல்லாம் செய்யுங்க, கல்லு போட்டோ மட்டும் மறந்துராதிய” என்று குழுவில் எழுதியிருக்கிறார்.